எண்ணெய்ப் பம்புக்குள் புகும் காற்று: பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போருக்கு ஓர் அறிமுகம்

பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றில் எண்ணெய்த் தொட்டி நிறைந்திருக்கலாம். பம்பில் தேய்மானம் எதுவும் இல்லாதிருக்கலாம். அதைச் சுழற்றும் பற்சக்கரங்களும் ஒழுங்காக ஓடலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் என்ஜினுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போய்ச் சேராமல் இருக்க முடியும். ஓர் உளுந்தின் அளவே உள்ள காற்றுக்குமிழி பம்பின் அறைக்குள் தங்கிவிட்டால் போதும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் 1970களிலும் 80களிலும் வாங்கிய வண்டிகள் பல, கராஜின் மூலையில் பழைய போர்வையின் கீழ் நெடுங்காலம் நின்றுவிட்டு, இப்போது மகன்களின் கைக்கும் மருமகன்களின் கைக்கும் வருகின்றன. அவற்றை மீண்டும் ஓடவைக்க முயலும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் அடிக்கடி வருவது இது: “அங்கிள், நேற்றுத்தானே பம்பில் ஏர் எடுத்தோம், இன்றைக்கு மறுபடியும் ஹோஸில் குமிழி தெரிகிறதே?” இக்கேள்விக்கு முறையாக விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உள்ளே இருக்கும் காற்றை எடுப்பது ஒரு வேலை. அது நுழைந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் கடைசியில் ஒரு பிஸ்டனை இழக்கிறார்கள்.

எண்ணெய்க்கு ஏன் தனிப் பம்பு?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். பம்பு அதை எடுத்து மேலே அனுப்பும். அது வடிந்து மீண்டும் அதே இடத்துக்கு வந்துசேரும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அப்படி எண்ணெயைத் தேக்கிவைக்க வழியில்லை, ஏனெனில் கிராங்க்கேஸ் என்னும் அந்த அடியறையே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை வந்துபோகும் பாதையாக இருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது கலவை அவ்வறைக்குள் உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு, பக்கவழிகளின் ஊடாகச் சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. ஆகவே இவ்வகை என்ஜினில் எண்ணெய் ஒருமுறைதான் பயன்படும். கலவையோடு உள்ளே போய், பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்து, எரிந்து, புகையாக வெளியேறிவிடும்.

தொடக்கத்தில் வண்டிக்காரர்கள் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள். 1964இல் யமஹா தன் 125 சிசி ஒய்.ஏ.-6 வண்டியில் ‘ஆட்டோலூப்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சுஸுகியும் கவாசாகியும் தத்தம் பெயர்களில் அதே வகை ஏற்பாட்டைப் பின்னர் தந்தன. தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் தானாக இறங்கிப் பம்புக்கு வருகிறது. பம்பை என்ஜினே சுழற்றுவதால், என்ஜின் வேகமாக ஓடினால் பம்பும் அடிக்கடி அடிக்கும். த்ராட்டிலைத் திருகும்போது அதனோடு இணைந்த ஒரு கேபிள் பம்பின் கப்பியை இழுக்கும். அதனால் ஒவ்வோர் அடியின் நீளமும் கூடும். எத்தனை அடி, ஒவ்வோர் அடியும் எவ்வளவு நீளம் ஆகிய இரண்டும் சேர்ந்தே எண்ணெயின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் அருமை நம் ஊர் இறக்கங்களில் தெரியும். கலவைப் பெட்ரோலில் ஓடும் வண்டியை நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை மூடி ஓட்டினால், பெட்ரோல் குறைவதோடு எண்ணெயும் சேர்ந்தே குறைந்துவிடும். என்ஜினோ சக்கரத்தால் இழுக்கப்பட்டு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். பம்பு உள்ள வண்டியில் த்ராட்டில் மூடியிருந்தாலும் பம்பு தன் குறைந்தபட்ச அடியோடு அடித்துக்கொண்டே இருப்பதால் எண்ணெய் நிற்பதில்லை. ஆனால் பம்புக்குள் காற்று இருந்தால் இந்தப் பாதுகாப்புத்தான் முதலில் போகும்.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு புனித வெள்ளியன்று. பீட்டர்மரிட்ஸ்பர்க் கோயிலில் தீமிதி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். க்ளூஃபைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில்லில் பைன்டவுனை நோக்கி த்ராட்டிலை மூடி இறங்கியபோது என் இரட்டைச் சிலிண்டர் வண்டியின் இடப்பக்கப் பிஸ்டன் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் வழுக்கியது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் உயிர் தப்பினேன். தொட்டியில் எண்ணெய் முக்கால் பங்கு இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோது குற்றவாளி, பம்பிலிருந்து காற்றை வெளியேற்றக் கழற்றும் ஏர் ஸ்க்ரூவுக்குக் கீழே இருந்த சிறு ஃபைபர் வாஷர் என்று தெரிந்தது. ஒவ்வொரு முறை ஏர் எடுத்த பின்பும் அதே வாஷரைத்தான் நான் திரும்பப் போட்டு முறுக்கியிருந்தேன்.

காற்று இருந்தால் பம்பு ஏன் தோற்கிறது?

எண்ணெய் ஏறக்குறைய அழுந்தாத பொருள். பம்பின் தண்டு எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே வருகிறதோ அவ்வளவு எண்ணெய் வெளியேறியே ஆக வேண்டும். காற்றோ அழுந்தும், விட்டால் மீண்டும் விரியும். இந்த வேறுபாட்டை எண்களில் பார்த்தால் மனத்தில் நன்றாகப் பதியும்.

தண்டின் விட்டம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். த்ராட்டில் மூடியிருக்கும்போது அடியின் நீளம் 0.25 மி.மீ. என்றால், ஓர் அடியில் வெளியேற வேண்டிய எண்ணெய் சுமார் 4.9 கன மில்லிமீட்டர். அறைக்குள் 50 கன மில்லிமீட்டர் காற்று, அதாவது நாம் தொடக்கத்தில் சொன்ன உளுந்தளவு குமிழி, இருக்கிறது என்போம். தண்டு முன்னே வரும்போது அந்தக் குமிழி 50இலிருந்து 45ஆகச் சுருங்கும். அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் உயரும். எண்ணெய் போகும் வழியில் ஒரு சிறு குண்டும் அதைப் பின்னிருந்து தள்ளும் ஒரு ஸ்பிரிங்கும் கொண்ட தடுப்பு வால்வு இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்க இவ்வளவு அழுத்தம் போதாவிட்டால் வால்வு மூடியபடியே இருக்கும். தண்டு பின்னே போகும்போது குமிழி விரிந்து பழைய அளவுக்கு வரும். தொட்டியிலிருந்து புதிய எண்ணெயும் உள்ளே வராது. பம்பு அடித்துக்கொண்டே இருக்கும்; குமிழி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். த்ராட்டிலை நன்றாகத் திறக்கும்போது அடி நீண்டு குமிழி வெளியே தள்ளப்படலாம். அதனால்தான் ஏறும்போது நன்றாக ஓடிய வண்டி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறது.

பம்பைத் தாண்டி, என்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயில் தென்படும் குமிழி இவ்வளவு கொடியது அன்று. 2.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 1 செ.மீ. நீளக் குமிழி என்றால், நம் கணக்கின்படி அது பம்பின் பத்து அடிகளுக்குச் சமம். மெல்ல முன்னேறிப் போய்விடும். ஆனால் 30 செ.மீ. குழாய் முழுவதும் காலியாக இருந்தால் அதை நிரப்ப 300 அடிகள் வேண்டும். பம்பு ஓர் அடி அடிக்க என்ஜின் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். 20 சுற்று என்று கொண்டால் 6,000 சுற்றுகள், அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் என்ஜினுக்கு நான்கு நிமிடங்கள். அவ்வளவு நேரம் அந்தச் சிலிண்டர் எண்ணெயே இல்லாமல் ஓடுகிறது என்று பொருள்.

காற்று எங்கே நுழைகிறது?

துளை விழுந்த ஸ்டிராவால் குளிர்பானம் குடித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துளையின் வழியே பானம் வெளியே கசிவதில்லை. உறிஞ்சும்போது காற்றுத்தான் உள்ளே வருகிறது. பம்பின் உறிஞ்சும் பக்கமும் அப்படித்தான். தொட்டி பம்புக்கு 30 செ.மீ. மேலே இருந்தால் அந்த எண்ணெயின் எடையால் பம்பின் வாயிலில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 2.6 கிலோ பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. காற்று உள்ளே வராமல் காப்பது இந்தச் சிறிய அழுத்தம் ஒன்றுதான். தொட்டியின் வலையில் அழுக்குப் படிந்தாலோ, குழாய் எங்காவது நசுங்கினாலோ, குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலோ அது கரைந்துபோய், பம்பின் வாயில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பின் ஒவ்வொரு தளர்ந்த இணைப்பும் காற்றுக்குக் கதவாகும். வண்டி நிற்கும்போது எண்ணெய் கசியும் இடத்தில் வண்டி ஓடும்போது காற்று நுழையக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். கராஜ் தரையில் தெரியும் ஒரு சொட்டு எண்ணெயை நான் அற்பமாக எண்ணுவதே இல்லை.

அதிகமாகப் பழுதாவது ஹோஸ். சாதாரண பிளாஸ்டிக் குழாய் என்ஜினின் வெப்பத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகி, விறைத்து, சற்றே சுருங்கிவிடும். புதிதில் நிப்பிளை, அதாவது அது செருகப்படும் சிறு குழல்முனையை, கவ்விப் பிடித்த ஹோஸ் இப்போது கையால் திருகினாலே சுழலும். அப்படிச் சுழன்றால் அதை மாற்றிவிட வேண்டும். கிளிப்பை இறுக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது. கிளிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. திருகி இறுக்கும் பட்டைக் கிளிப் சிறிய குழாயை வட்டமாக அழுத்தாமல் ஓரிடத்தில் மடித்துவிடும். அம்மடிப்பின் அடியில் காற்று புகும். சுற்றிலும் சமமாகக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப்பே இவ்விடத்துக்கு ஏற்றது. டர்பன், உம்லாங்கா, அமான்சிம்டோட்டி போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று இந்தக் கிளிப்புகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், மேட்டுநிலத்தில் வண்டி வைத்திருப்பவரைவிட நாம் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்தது வாஷர். எண்ணெய்க் குழாய் பம்போடு சேரும் துளையுள்ள போல்ட்டின் இரு பக்கமும், ஏர் ஸ்க்ரூவின் அடியிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஃபைபர் வாஷர் ஒருமுறை அழுந்தினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். அவிழ்த்தால் புதியதைப் போட வேண்டும். செப்பு வாஷரை நெருப்பில் செந்நிறமாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மென்மையாகும். இரு பக்கமும் வழவழப்பாகத் தேய்த்து மறுபடி பயன்படுத்தலாம். கசிகிறது என்பதற்காக ஸ்க்ரூவைச் சக்தியெல்லாம் கொடுத்து முறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும், பிறகு பம்பையே மாற்ற நேரும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பையும் சிலிகான் பசையையும் இங்கே ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் ஒரு நூலிழை பிய்ந்து தடுப்பு வால்வின் குண்டுக்கு அடியில் சிக்கினால், முன்பு இல்லாத பழுதொன்று உண்டாகிவிடும்.

தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத்துளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் காற்று வர வேண்டும். துளை தூசியால் அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றழுத்தம் உருவாகிப் பம்பு திணறும். சிறிது தூரம் ஓடியபின் தொட்டி மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். ஹோஸின் வழியும் பார்க்க வேண்டியது: தொட்டியிலிருந்து பம்புவரை அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒட்டகத்தின் திமில்போல் ஒரு மேடு இருந்தால், மேலே எழும் குணமுள்ள காற்று அம்மேட்டில் தங்கிவிடும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அங்கிருந்து சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும்.

கடைசியாகப் பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல். இது தேய்ந்தால் தொட்டியின் எண்ணெய் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். கியர்பாக்ஸின் அளவு காரணமின்றிக் கூடியிருந்தால் இதை ஐயப்படலாம். பல கையேடுகள் பம்பைப் பிரிக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. பழகாதவர் அந்த அறிவுரையை மதிப்பது நல்லது.

குமிழியைப் படித்தல்

பழைய மங்கிய ஹோஸை எடுத்துவிட்டு, பெட்ரோலையும் எண்ணெயையும் தாங்கும் தெளிவான ஹோஸைப் போடுவதே இந்த ஆராய்ச்சியின் முதற்படி. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்ஜினுக்குப் போகும் குழாய்களின் உள்விட்டம் மட்டும் முன்பிருந்த அளவே இருக்கட்டும். அகலமான குழாய் போட்டால் அது நிரம்பக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

என்ஜினை ஓடவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கராஜின் கதவு திறந்திருக்க வேண்டும், முடிந்தால் வண்டி முற்றத்தில் நிற்க வேண்டும், ஏனெனில் மூடிய அறையில் சேரும் புகை ஆளைக் கொல்லும். தொட்டிக்கும் பம்புக்கும் இடையே ஊசிமுனை போன்ற நுண்குமிழிகள் இடைவிடாமல் வந்தால், மேலே எங்கோ ஒரு சிறு துளையின் வழியே காற்று தொடர்ந்து நுழைகிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போது தெளிவாக இருந்து, வேகம் கூட்டும்போது மட்டும் குமிழிகள் தோன்றினால், பெரும்பாலும் ஓட்டத்தில் தடை இருக்கிறது. வலையையும் மூடியின் துளையையும் முதலில் பாருங்கள். ஓடும்போது குமிழியே இல்லாமல், ஓர் இரவு நின்ற வண்டியில் காலையில் மட்டும் என்ஜினுக்குப் போகும் குழாய் வெறுமையாக இருந்தால், அது தடுப்பு வால்வின் கதை: இரவு முழுவதும் எண்ணெய் அதைத் தாண்டி என்ஜினுக்குள் வடிந்திருக்கிறது. காலையில் கிளப்பியதும் தெருவை மறைக்கும் வெண்புகை எழுவதும், சில நிமிடங்களில் அது அடங்கிவிடுவதும் இதற்கு நல்ல சான்று. குமிழி ஒன்று குழாயில் முன்னும் பின்னும் ஊசலாடி, ஓரிடத்தைவிட்டு நகராமல் இருந்தாலும் அதே வால்வைத்தான் பார்க்க வேண்டும்.

இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பம்பிலிருந்து இரு குழாய்கள் பிரியும். ஒன்றில் எண்ணெய் ஓடி மற்றொன்றில் காற்று நிற்பது மிகவும் இயல்பு. புகை வருகிறதே என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு சைலன்சரிலும் புகை வருகிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

துளையைத் தனிப்படுத்தும் சோதனைகள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை செலவில்லாதது. சிறு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியில் புதிய தெளிவான ஹோஸைப் பொருத்தி, அதில் எண்ணெய் ஊற்றி, வண்டியின் தொட்டியைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நேராகப் பம்பின் வாயிலில் இணையுங்கள். மருத்துவமனையில் சலைன் ஏற்றுவது போன்ற ஏற்பாடுதான். காற்றை எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். குமிழிகள் மறைந்துவிட்டால் பழுது வண்டியின் தொட்டி, மூடி, வலை, பழைய ஹோஸ் ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கிறது. என்ஜினுக்குப் போகும் குழாயில் இன்னும் குமிழி வந்துகொண்டிருந்தால், பம்பின் வாஷர்களிலோ சீலிலோ இருக்கிறது. தேட வேண்டிய இடம் ஒரே சோதனையில் பாதியாகிவிடுகிறது.

பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஹோஸின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சிரிஞ்சைச் செருகி, அதன் தண்டைப் பின்னே இழுத்துப் பிடித்துச் சிறிது நேரம் கழித்து விடுங்கள். தண்டு துள்ளித் தன் பழைய இடத்துக்கு ஓடினால் ஹோஸ் நல்லது. பாதியிலேயே நின்றுவிட்டால் காற்று புகுந்திருக்கிறது. தடுப்பு வால்வையும் இதே சிரிஞ்சால் அறியலாம். எண்ணெயை முன்னே தள்ளினால் சிறு எதிர்ப்போடு போக வேண்டும். பின்னே இழுத்தால் எதுவும் வரக் கூடாது. வந்தால், குண்டின் இருக்கையில் அழுக்கு இருக்கிறது. சுத்தமான பெட்ரோலில் கழுவி மீண்டும் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கம்ப்ரசர் காற்றை இவ்விடத்தில் பயன்படுத்த வேண்டாம், அந்த மெல்லிய ஸ்பிரிங் அதைத் தாங்காது.

வெளியே கசியும் இடத்தைக் காண, பம்பையும் இணைப்புகளையும் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெண்பொடியில் எண்ணெய் ஊறிய இடம் காலையில் கருத்துத் தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மெக்கானிக்குகள் ‘ஏர் லீக்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் என்ஜினின் ஏர் லீக்கையே குறிப்பார்கள். கிராங்க் சீல், சிலிண்டர் அடி காஸ்கெட், கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர் ஆகியவற்றின் வழியே வெளிக்காற்று புகுந்து கலவையைப் பெட்ரோல் குறைந்ததாக்கிவிடும்; அதனாலும் பிஸ்டன் பிடிக்கும். அதை அறிய என்ஜினின் வாய்களை அடைத்து, உள்ளே சுமார் 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றி, நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். இவ்விரண்டு பழுதுகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. என்ஜினோடு சேரும் முனையில் எண்ணெய்க் குழாய் கழன்றுவிட்டால் எண்ணெயும் நின்றுபோகிறது, அந்தத் துளை வழியே வெளிக்காற்றும் உள்ளே போகிறது. அழுத்தச் சோதனை செய்யும்போது அந்த முனையையும் சோப்புநீர் தடவிப் பாருங்கள்.

ஏர் எடுக்கும் முறை

வழியை அடைத்த பின்பே ஏர் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு காப்பீடு: வண்டியின் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. வீதம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்துவிடுங்கள். பம்பு முற்றிலும் தவறினாலும் 50:1 கலவை அந்த நேரத்துக்கு என்ஜினைக் காக்கும். பம்பு வேலை செய்தால் சிறிது புகை கூடும், அவ்வளவே.

தொட்டியை நிரப்பி, பம்பின் அடியில் துணி வைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். எண்ணெய் தானாக இறங்கி, குமிழிகளோடு வெளியே வரும். அவசரப்படாதீர்கள், குமிழி முழுவதும் நிற்கும்வரை வடியட்டும். யமஹா பம்புகள் பலவற்றில் முனையில் ஒரு சிறு சக்கரம் இருக்கும்; கேபிளை முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை அம்புக்குறி காட்டும் திசையில் கையால் சுழற்றினால், தண்டின் அறையில் ஒளிந்திருக்கும் காற்றும் வந்துவிடும். புதிய வாஷரோடு ஸ்க்ரூவை மூடுங்கள். பின் என்ஜினைக் கிளப்பி, நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் ஓடவிட்டு, த்ராட்டிலைத் தொடாமல் பம்பின் கேபிளை மட்டும் முழுவதும் இழுத்துப் பிடியுங்கள். அடி மிக நீளமாக இருப்பதால் மெல்லிய குழாய்களில் உள்ள காற்று என்ஜினை நோக்கி விரைந்து நகரும். இரு குழாய்களிலும் குமிழி இல்லாமல் எண்ணெய் நிற்பதைக் கண்டபின் நிறுத்துங்கள். புகை அதிகம் வரும், அது நல்ல அறிகுறி.

அதன்பின் கேபிளைச் சரிபார்க்க வேண்டும். கப்பியில் உள்ள குறியும் பம்பின் ஊசியும் எந்த நிலையில் நேருக்கு நேர் வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். குறைந்தபட்ச அடியையும், நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்கலாம். யமஹா ஆட்டோலூப் பம்புகள் பலவற்றில் அது 0.20 முதல் 0.25 மி.மீ. வரை இருக்க வேண்டும்; குறைந்திருந்தால் மெல்லிய தகடுகளைச் சேர்த்துக் கூட்டுவார்கள்.

எண்ணெயின் தேர்வும் இதில் சேரும். பம்புக்கென்று செய்யப்பட்ட, ஜாசோ என்னும் ஜப்பானியத் தர அளவையில் எஃப்.சி. அல்லது எஃப்.டி. தரமுள்ள எண்ணெய் எளிதில் ஓடும். பந்தயத்துக்கான கெட்டியான ஆமணக்கு எண்ணெய் வகைகளைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். டர்பனின் வெப்பத்தில் ஓடிவிடும் எண்ணெய், ஜூலை மாத அதிகாலையில் ஜோஹன்னஸ்பர்க்கின் உறைபனியில் மெல்லிய ஹோஸுக்குள் நகர மறுக்கலாம். வான் ரீனன் கணவாய் தாண்டி வண்டியோடு போகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் பம்பு உண்மையிலேயே எண்ணெய் தருகிறது என்பதை அளந்துதான் நம்ப வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அதுவரை நிரப்பி, கலவைப் பெட்ரோலோடு 100 கி.மீ. ஓட்டுங்கள். திரும்பி வந்து, அந்தக் கோடுவரை மீண்டும் நிரப்ப எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று சிரிஞ்சாலோ அளவுக் குவளையாலோ பாருங்கள். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. எண்ணெய் போயிருந்தால் விகிதம் 50:1. மென்மையாக ஓட்டினால் எண்ணெய் குறைவாகவும், மலையேறினால் அதிகமாகவும் போகும். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒன்று வெளிறியும் மற்றொன்று ஈரமாகவும் இல்லாமல் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த முதல் 100 கி.மீ.யின் எண்ணெய் அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதே பாதையில் அடுத்த முறை போகும்போது அது பாதியாகக் குறைந்திருந்தால், பெட்ரோலில் மீண்டும் எண்ணெய் கலந்துகொண்டு, முதலில் அந்தச் சிறு வாஷரைக் கழற்றிப் பாருங்கள்.